கவர்ன்மென்ட் ஸ்கூல் புள்ளைய ப்ளஸ் ஒன்னுக்கு தனியார் ஹாஸ்டல் ஸ்கூல்ல சேக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் இத படிச்சிட்டு போங்க

பத்தாவது ரிசல்ட் வந்த அன்னைக்கு பொழுது சாயிறதுக்குள்ள எனக்கு பதினோரு போன். 2023 மே மாசம். பொண்ணு 479 எடுத்திருந்தா. சொந்தக்காரங்களுக்கே நாங்க இன்னும் சொல்லி முடிக்கல, அதுக்குள்ள நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, பெருந்துறைன்னு எங்கெங்கேர்ந்தோ கூப்பிட்டு "வாழ்த்துக்கள் மேடம், பாப்பா 479ஆமே"ன்னு பேசுறாங்க. என் நம்பர் அவங்களுக்கு எப்படி கிடைச்சுது, மார்க் எப்படி தெரிஞ்சுதுன்னு கேக்கணும்னு தோணவே இல்ல. பெருமையா இருந்துச்சு, அவ்வளவுதான்.

நாங்க அறந்தாங்கி பக்கம். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல ஷிப்யார்டுல வேலை, நான் வீட்டுலயே தையல் மெஷின் போட்டு ப்ளவுஸ் தைக்கிறேன். பொண்ணு ஆறாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் இங்கயே கவர்ன்மென்ட் கேர்ள்ஸ் ஸ்கூல், தமிழ் மீடியம். டாக்டர் ஆகணும்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டே இருப்பா. அவங்கப்பாவுக்கும் அதே ஆசைதான். அவர் அங்க ஓவர்டைம் பாத்து அனுப்பின காசுலதான் இவ்வளவும் நடந்துச்சு, அதனாலதான் இப்ப இத எழுதும்போது கூட எனக்கு மனசு ஆற மாட்டேங்குது.

மூணாவது நாள் ஒரு ஸ்கூல்லேர்ந்து கார்லயே வந்துட்டாங்க. ரெண்டு பேர். ஒருத்தர் பி.ஆர்.ஓ, இன்னொருத்தர் பயாலஜி சார்னு சொன்னாங்க. ஸ்கூல் பேரு எழுதல, கேஸ் விஷயமா பேசிட்டு இருக்கோம், பேர் போட வேணாம்னு சொல்லிருக்காங்க. அந்த பி.ஆர்.ஓ தம்பி உக்காந்த உடனே என்னை அக்கான்னுதான் கூப்பிட்டாப்ல. பெரிய ஆல்பம் ஒன்னு எடுத்து விரிச்சு, இந்த பொண்ணு மதுரை மெடிக்கல், இந்த பையன் தஞ்சாவூர் மெடிக்கல், இது ஸ்டான்லின்னு வரிசையா போட்டோ காட்டுறாப்ல. "அக்கா, பாப்பா மார்க்குக்கு எங்ககிட்ட ரெண்டு வருஷம் இருந்தா சீட்டு கன்பார்ம், இங்கயே இருந்தா நீட்டுல நூறு தாண்டுறதே கஷ்டம், அங்க யாரு கோச்சிங் குடுப்பா"ன்னாப்ல.

இங்கதான் எல்லாரும் கவனிக்கணும். நான் அப்பவே கேட்டேன். பொண்ணோட பத்தாவது க்ளாஸ் டீச்சர் முந்தின நாள் மார்க் லிஸ்ட் விஷயமா பாத்தப்ப "மாத்துறதுன்னா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிங்கம்மா, ஏழரை பர்சென்ட் போயிரும்"னு சொல்லிருந்தாங்க. அரசு பள்ளி புள்ளைங்களுக்குன்னு மெடிக்கல் சீட்டுல தனியா ஒதுக்குற ஏழரை சதவீதம், அதத்தான் சொன்னாங்க. அத அப்படியே அந்த தம்பிகிட்ட கேட்டேன், ஏழரை பர்சென்ட் என்னாகும்னு. அவரு ஒரு செகண்ட் கூட யோசிக்கல. "அது பத்தாவது வரைக்கும் கவர்ன்மென்ட்ல படிச்சிருந்தா போதும்க்கா, ப்ளஸ் ஒன் எங்க படிச்சாலும் பிரச்சனை இல்ல, அந்த டீச்சருக்கு அவங்க ஸ்கூல் ஸ்ட்ரென்த் கொறையுதேன்னு கவலை"ன்னு சொன்னாப்ல. நான் நம்பிட்டேன். டீச்சர் சொன்னதுதான் நெசம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா (2020 அக்டோபர் கடைசில கவர்னர் கையெழுத்தாகி வந்தது), ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் முழுசா அரசு பள்ளில படிச்சிருக்கணும். நடுவுல மாத்தினா கிடையாது. ஒரே ஒரு விலக்கு, ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) மூலமா தனியார் ஸ்கூல்ல எட்டாவது வரைக்கும் இலவசமா படிச்சிட்டு ஒன்பதாவதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் அரசு பள்ளிக்கு வந்தவங்களுக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி, அதாவது எய்டட் ஸ்கூல், அது இதுல வராது, அதையும் நிறைய பேரு குழப்பிக்கிறாங்க. மாநகராட்சி பள்ளி, நகராட்சி பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி இதெல்லாம் வரும். முதல் வருஷமே 313 எம்.பி.பி.எஸ் சீட்டு இதுல ஒதுக்கினாங்க. இன்ஜினியரிங், அக்ரி, வெட்னரி, லா இதுக்கெல்லாம் 2021லேர்ந்து இருக்கு. எதுத்து கேஸ் போட்டாங்க, சென்னை ஹைகோர்ட் 2022 ஏப்ரல்ல சட்டம் செல்லும்னு சொல்லிருச்சு. அதோட இதுல சீட்டு வாங்கினா படிப்பு பீஸ் ஹாஸ்டல் பீஸ் எல்லாம் கவர்ன்மென்டே கட்டுது, தனியார் மெடிக்கல் காலேஜ்ல கவர்ன்மென்ட் கோட்டால கிடைச்சா கூட. இத்தனையும் ஒரு டி.சி. வாங்கின அன்னைக்கு என் பொண்ணு கைய விட்டு போயிருச்சு, எங்களுக்கு தெரியவே இல்ல.

தெரிஞ்சது எப்பன்னா ரெண்டு வருஷம் கழிச்சு. நீட் ரிசல்ட் 2025 ஜூன்ல வந்துச்சு, 720க்கு 468. அந்த வருஷம் பிசிக்ஸ் ரொம்ப கஷ்டமா கேட்டிருந்தாங்க, எல்லாருக்குமே மார்க் எறங்கிருந்துச்சு, 468 நல்ல மார்க்குதான். கவுன்சிலிங் அப்ளிகேஷன் போட ப்ரவுசிங் சென்டருக்கு போனோம். அந்த பையன் டைப் பண்ணிட்டே வந்தவன் ஆறாவது எங்க, ஏழாவது எங்கன்னு ஒவ்வொன்னா கேட்டான். பதினொன்னு, பன்னெண்டுக்கு ஸ்கூல் பேரு சொன்ன உடனே "அப்ப ஏழரைக்கு நோ தான் போடணும்க்கா"ன்னு சாதாரணமா சொல்லிட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டான். நான் இல்ல தம்பி பத்தாவது வரைக்கும் போதும்ல, பத்தாவது வரைக்கும் கவர்ன்மென்ட்தான்ங்கிறேன். அவன் விவர புத்தகத்த ஓப்பன் பண்ணி அந்த வரிய காட்டினான். ஆறு முதல் பன்னிரண்டு வரை. என் பொண்ணு அந்த வரிய படிச்சிட்டு ஒன்னும் பேசல. என்னை திட்டிருந்தா கூட பரவால்லன்னு இருந்துச்சு.

அவளோட பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சுல உக்காந்த பொண்ணு ஒருத்தி அங்கயே ப்ளஸ் டூ முடிச்சா. அவ அப்பா கொத்தனார். ஸ்கூல்லயே நடத்தின நீட் வகுப்புக்கு போயிட்டு, பழைய கொஸ்டின் பேப்பரா போட்டு போட்டு படிச்ச புள்ள. அவ மார்க் என் பொண்ணு மார்க்க விட கம்மிதான், ஆனா இன்னைக்கு அவ அரசு மருத்துவக் கல்லூரில எம்.பி.பி.எஸ் முதல் வருஷம். அந்த புள்ளைக்கு கிடைச்சதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அவளுக்கு நியாயமா கிடைக்க வேண்டியது கிடைச்சுது, நானே போய் ஸ்வீட் குடுத்துட்டு வந்தேன். ஆனா அதே வரிசைல என் பொண்ணும் நின்னிருப்பா. 5,38,000 ரூபா செலவு பண்ணி அவள அந்த வரிசைலேர்ந்து நானே வெளிய எடுத்து விட்டுருக்கேன், அதுக்கு பொய் சொல்லி வழி காட்டினது அந்த ஸ்கூல்.

சரி ஏழரைதான் போச்சு, அங்க சொல்லிக்குடுத்ததாவது நல்லா இருந்துச்சான்னா அதையும் சொல்லணும். சேந்த ஒரு மாசத்துல ஒரு டெஸ்ட் வெச்சாங்க, அத வெச்சு செக்ஷன் பிரிச்சாங்க. ஏ, பி ரெண்டு செக்ஷனுக்கு மட்டும்தான் ஆந்திரா கேரளாலேர்ந்து வர்ற நல்ல சார்ங்க. தமிழ் மீடியத்துலேர்ந்து வந்த புள்ளைக்கு ஒரு மாசத்துல இங்கிலீஷ்ல பிசிக்ஸ் டெஸ்ட் வெச்சா என்ன வரும், என் பொண்ணு எஃப் செக்ஷன். அங்க க்ளாஸ் எடுத்தவங்க அதே குழுமத்துல காலேஜ் முடிச்சிட்டு அப்பதான் வேலைக்கு சேந்தவங்க, ஒரு வருஷத்துல கெமிஸ்ட்ரிக்கு மட்டும் நாலு பேரு மாறினாங்க. வீட்டுக்கு வந்த பயாலஜி சார் க்ளாஸ் எடுக்கவே இல்லையாம், அவரு வேலையே மே ஜூன்ல ஊர் ஊரா போயி ஆள் சேக்கிறதுதான்னு பின்னாடி தெரிஞ்சுது. அட்மிஷன் அப்ப எங்களுக்கு செக்ஷன் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. எல்லா செக்ஷனுக்கும் பீஸ் மட்டும் ஒன்னு.

பதினொன்னாவது பாடத்த அக்டோபருக்குள்ள ஓட்டி முடிச்சாங்க. அப்புறம் பன்னெண்டாவது போர்ஷன். நீட்டுல கேக்குற 180 கேள்வில பதினொன்னாவது பாடத்துலேர்ந்து கிட்டத்தட்ட பாதி வரும்னு இன்னைக்கு நீட் எழுதுற எந்த புள்ளைய கேட்டாலும் சொல்லும், அதுதான் அஸ்திவாரமே. அதைத்தான் ஓட்டினாங்க. நீட்டுக்கு அடிப்படையான என்.சி.இ.ஆர்.டி புத்தகத்த (மத்திய பாடப்புத்தகம்) கைல குடுக்காம அவங்களே அடிச்ச மெட்டீரியல், அதுக்கு தனியா 35,000. காலைல அஞ்சு மணிக்கு எழுப்பி ராத்திரி பத்தரை வரைக்கும் ஸ்டடி. பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் போன், பக்கத்துல வார்டன் நிப்பாங்க. நல்லா இருக்கேன்மா, நல்லா படிக்கிறேன்மான்னு மட்டும்தான் சொல்லுவா. தீபாவளிக்கு வந்தப்பதான் முடி கொட்டினது, கைல எல்லாம் சொறி, ஆறு கிலோ எளச்சிருந்தது எல்லாம் பாத்தேன். அந்த ஊர் பக்கத்து ஸ்கூல்கள ப்ராய்லர் ஸ்கூல்னு எல்லாரும் சொல்லும்போது என்னமோ பொறாமைல பேசுறாங்கன்னு நெனச்சிருக்கேன், என் புள்ளைய அப்படி பாத்த அன்னைக்குதான் அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு புரிஞ்சுது.

அப்ப அவளே கேட்டா, அம்மா நான் திரும்ப நம்ம ஸ்கூலுக்கே வந்துர்றேன்னு. நான் போயி டி.சி. கேட்டேன். ரெண்டு வருஷ பீஸையும் கட்டினாதான் டி.சி.ன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அட்மிஷன் பாரத்துல பின்பக்கம் பொடி எழுத்துல இருக்காம், நான் கையெழுத்து போட்டிருக்கேனாம். இன்னும் ரெண்டரை லட்சத்துக்கு எங்க போறது, ஏற்கனவே குடுத்ததும் வராது, சரி கண்ணு பல்ல கடிச்சிட்டு இருந்துருன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பஸ்ஸு முழுக்க அழுதுட்டு வந்தேன். பீஸ் பாக்கிக்காக டி.சி.ய பிடிச்சு வெக்கக் கூடாது, டி.சி.ங்கிறது பீஸ் வசூல் பண்ற கருவி இல்லன்னு சென்னை ஹைகோர்ட் 2024 ஜூலைல தெளிவா சொல்லிருக்கு. எனக்கு நடந்தது அதுக்கு முந்தின வருஷம். இப்ப யாராவது டி.சி. தர மாட்டேன்னா அந்த தீர்ப்ப சொல்லி எழுத்துல கேளுங்க, வாயால கேக்காதீங்க.

பணத்த பத்தி. முதல் வருஷம் 2,30,000, ரெண்டாவது வருஷம் 2,45,000, மெட்டீரியல் 35,000, கடைசில பொதுத்தேர்வு முடிஞ்சு நாப்பது நாள் க்ராஷ் கோர்ஸ்னு 28,000. இதுல ஸ்கூல் பேரு போட்ட ரசீது எனக்கு வருஷத்துக்கு 41,000க்கு மட்டும்தான். மீதி எல்லாம் வெள்ளத் துண்டு சீட்டு, அதுல ஒரு நம்பரும் ஒரு கையெழுத்தும், வேற ஒன்னும் கிடையாது. தனியார் ஸ்கூல் பீஸுக்கு தமிழ்நாட்டுல 2009லயே சட்டம் போட்டு, ரிடையர்ட் ஜட்ஜ் தலைமைல கமிட்டி வெச்சு, ஒவ்வொரு ஸ்கூலுக்கும் இவ்வளவுதான்னு நிர்ணயம் பண்றாங்க. அந்த ஸ்கூலுக்கு நிர்ணயிச்ச தொகைய பாத்தேன், என் ரசீதுல இருக்குற 41,000 கரெக்டா அதோட ஒத்துப்போகுது. ஏன் அந்த தொகைக்கு மட்டும் ரசீது குடுத்தாங்கன்னு இப்ப புரியுதா. கேஷா வேணும்னு கேட்டப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். நீங்க கட்டுறதா இருந்தா பேங்க் மூலமா மட்டும் கட்டுங்க, துண்டு சீட்டு குடுத்தா அங்கயே போட்டோ எடுத்து தேதியோட வெச்சுக்கோங்க. நான் வெச்சிருந்த ஏழு சீட்டுல மூணுதான் இப்ப கைல இருக்கு.

அந்த ஆல்பத்துல இருந்த டாக்டர் புள்ளைங்க? அங்க வேலை பாத்துட்டு வெளிய வந்த ஒருத்தங்க எங்கிட்ட சொன்னாங்க, அந்த வருஷ பேனர்ல இருந்த அறுபத்தி மூணு பேர்ல ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூ ரெண்டும் அங்கயே படிச்சு அதே வருஷம் சீட்டு வாங்கினது ஏழு பேரு. மீதி அம்பத்தாறும் வேற எங்கயோ ப்ளஸ் டூ முடிச்சிட்டு ரிப்பீட்டர் பேட்ச்சுக்கு வந்தவங்க, சில பேரு மூணாவது தடவை எழுதினவங்க, சில பேரு வெறும் டெஸ்ட் சீரிஸ் மட்டும் எழுதினவங்க. இது அந்த ஒரு ஸ்கூல் கதை மட்டும் இல்ல. நீட்டோட பாதிப்ப பாக்க கவர்ன்மென்ட் 2021ல போட்ட ஏ.கே. ராஜன் கமிட்டி அறிக்கைலயே இருக்கு, 2016-17ல மெடிக்கல் சேந்தவங்கள்ல ரிப்பீட்டர்ஸ் 12.47 சதவீதம், 2020-21ல அது 71.42 சதவீதம். அப்ப எந்த ஸ்கூலோட பேனர பாத்தாலும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இதுல ரெகுலர் எத்தனை, ரிப்பீட்டர் எத்தனைங்கிறதுதான். கோச்சிங் சென்டர் விளம்பரத்துல ஜெயிச்ச புள்ளைங்க எந்த கோர்ஸ், எவ்வளவு நாள் படிச்சாங்கன்னு போடணும், அவங்க சம்மதம் இல்லாம போட்டோ போடக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர்ல விதியே கொண்டு வந்திருக்கு. என் கண்ணுக்கு எந்த பேனர்லயும் அப்படி ஒரு வரி படல.

இப்ப யோசிச்சா ஒன்னு நல்லா தெரியுது. இந்த ஹாஸ்டல் ஸ்கூல்களுக்கு பேர் வந்த காலம் வேற. 2007ல தமிழ்நாட்டுல என்ட்ரன்ஸ எடுத்த பிறகு மெடிக்கல், இன்ஜினியரிங் ரெண்டுமே ப்ளஸ் டூ மார்க்குலதான் நடந்துச்சு. ஒரே புத்தகத்த ரெண்டு வருஷம் திரும்ப திரும்ப எழுத வெச்சா மார்க் வரும், ஸ்டேட் ரேங்க் வரும், சீட்டும் வந்துச்சு, அது உண்மை. எங்க ஊர்ல இப்ப முப்பது வயசுல இருக்குற ரெண்டு டாக்டருங்க அப்படி போனவங்கதான், அவங்கள பாத்துதான் நானும் நம்பினேன். 2017ல நீட் வந்துருச்சு, அதே வருஷம் ஸ்டேட் ரேங்க் அறிவிக்கிறதையும் நிறுத்திட்டாங்க. ஆட்டமே மாறிப்போச்சு, ஆனா அந்த பழைய பேர வெச்சுத்தான் இன்னும் ஆள் பிடிக்கிறாங்க. கவுன்சிலிங்ல உக்காந்து பாத்தவங்களுக்கு தெரியும், மெடிக்கலுக்கு நீட் மார்க், இன்ஜினியரிங்க்கு மேக்ஸ் நூறு பிசிக்ஸ் அம்பது கெமிஸ்ட்ரி அம்பது ஆக இரநூறுக்கு கட் ஆஃப், அப்புறம் கம்யூனிட்டி, அவ்வளவுதான். நீ எந்த ஸ்கூல், அங்க ஏசி க்ளாஸ் இருந்துச்சா, ஆந்திரா சார் இருந்தாரான்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. ஸ்கூலுக்குன்னு நம்ம கவுன்சிலிங்ல ஒரு மதிப்பு இருக்குன்னா அது கவர்ன்மென்ட் ஸ்கூலுக்கு மட்டும்தான் இருக்கு, அதத்தான் நான் விட்டுக் குடுத்தேன்.

மெடிக்கல் மட்டும் இல்லங்க. ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் அரசு பள்ளில படிச்ச பொண்ணுங்களுக்கு 2022லேர்ந்து புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா வருது, அதுவும் இவளுக்கு இல்ல. ஆயிரம் ரூபாதானேன்னு தோணும், ஹாஸ்டல்ல இருக்குற புள்ளைக்கு அது பெரிசு.

தனியார் ஸ்கூல்ல படிக்கிறவங்க எல்லாரும் வெளிய வந்துருங்கன்னு நான் சொல்ல வரல. ஏற்கனவே தனியார்ல படிச்சிட்டு இருக்குற புள்ளைக்கு இந்த கணக்கு கிடையாது, அவங்களுக்கு எது பக்கம், எது தோதுன்னு பாத்துக்கலாம். இந்த ஆள் பிடிக்கிறவங்க குறி வெக்கிறதே கவர்ன்மென்ட் ஸ்கூல்ல நல்ல மார்க் எடுத்த புள்ளைங்கள. ஏன்னா அந்த புள்ளைங்க எங்க இருந்தாலும் படிக்கும், பேனருக்கு ஆகும். அந்த வீட்டுலதான் விவரம் கேக்க ஆள் இருக்காது. அப்படி யாராவது வந்து உக்காந்து ஏழரை பத்தி ஏதாவது சொன்னா, அத அப்படியே லெட்டர் பேடுல எழுதி சீல் வெச்சு குடுங்கன்னு கேளுங்க. அட்மிஷன் அன்னைக்கே எந்த செக்ஷன், யாரு க்ளாஸ் எடுப்பாங்கன்னு கேளுங்க. முடிஞ்சா போன வருஷம் அங்க படிச்ச, சீட்டு கிடைக்காத ஒரு புள்ளையோட அம்மாகிட்ட பேசுங்க. கிடைச்சவங்க நம்பர் அவங்களே குடுப்பாங்க, அது வேணாம்.

பொண்ணு இப்ப பி.எஸ்சி அக்ரி சேந்திருக்கா, ப்ளஸ் டூ மார்க்குல கிடைச்சுது, 600க்கு 561. இணைப்புக் கல்லூரிதான். தனியார் மெடிக்கல்ல கவர்ன்மென்ட் கோட்டான்னு பாத்தா கூட வருஷத்துக்கு நாலரை லட்சம் கிட்ட, நாங்க அந்த பக்கமே போகல. ரிப்பீட் பண்றியான்னு கேட்டேன், இன்னொரு தடவை அந்த மாதிரி ஹாஸ்டலுக்கு போக மாட்டேன்மான்னுட்டா. ஆனா அந்த ஸ்கூல்லேர்ந்து ரிசல்ட் வந்த நாலாம் நாளே போன், ரிப்பீட்டர் பேட்ச்ல பழைய ஸ்டூடன்ட்ஸுக்கு இருபது பர்சென்ட் கன்செஷனாம். அதே தம்பி. ஏழரைய பத்தி நீ என்னப்பா சொன்னேன்னு கேட்டேன். நான் அப்படி சொல்லவே இல்லையே மேடம்ங்கிறாப்ல. அக்கா போயி மேடம் ஆயிட்டேன்.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல மனு குடுத்தேன், முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஒரு காப்பி, பீஸ் கமிட்டிக்கு ரிஜிஸ்டர் தபால். அதுக்கப்புறம் ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டு காஷன் டெபாசிட் பத்தாயிரத்த திருப்பி குடுத்தாங்க, வேற எதுக்கும் பதில் இல்ல. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடலாம்னு ஒரு வக்கீல் சார் சொல்லிருக்காரு, துண்டு சீட்டு எத்தனை சேருதோ அவ்வளவு பலம்னாரு. 2023ல அந்த பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்து இதே மாதிரி வெள்ள சீட்டு வாங்கினவங்க இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, ஸ்கூல் பேர பொதுவுல போட வேணாம், சீட்டு போட்டோ மட்டும் அனுப்புங்க.

பொண்ணோட தம்பிக்காரன் இப்ப ஒன்பதாவது. அதே ஊரு, கவர்ன்மென்ட் பாய்ஸ் ஸ்கூல்.